அம்மருட்டில் செல்லும் நக்ஃபா

குளிர்கால ஜக்கெட்டை அலுமாரிக்குள் தூக்கி வைக்க முன்னர் அதன் பைகளைத் துழாவிப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். நீர் அறியாததா? சலவைக்குப் போகும் எந்தத் துணியையும் நாம் இருவரும் நம்பியதில்லை. போன கிழமை அப்படித் துழாவும்போது, கசங்கிய டிஷு ஒன்றுக்கும் இருமல் இனிப்பு ஒன்றுக்கும் நடுவில் உம்முடைய யானை அகப்பட்டது.

ஒரு பக்கம் யானையும் குட்டியும். மறுபக்கம் கொடி ஏற்றும் ஆட்கள். நூறு சதம் என்று எழுதிய காசு. எரித்திரியாவில் அதுதான் ஒரு நக்ஃபா. ஒஸ்லோவில் அதற்கு ஒரே ஒரு உத்தியோகம்தான் இருந்தது. ட்வெய்ட்டா கடையில் சாமான் வண்டிலைப் பூட்டிவைத்திருக்கும் சங்கிலியை அது திறக்கும். இருபது குரோனர் போடவேண்டிய துவாரத்தில் உம்முடைய யானையை அமத்தித் திணிப்பீர். வண்டில் கழன்று வரும்போது ஒவ்வொரு முறையும் அப்போதுதான் சுதந்திரம் கிடைத்தவர்போலச் சிரிப்பீர்.

கடைசியாக நாம் சேர்ந்து அங்கே போனது நவம்பரில். "நீர் வண்டிலை எடும், நான் வெங்காயத்தைப் பாத்துக்கொண்டு வாறன்" என்று காசை என் கையில் வைத்தீர். வண்டிலைத் திருப்பி விட்டபின் காசை நான் என் பைக்குள் போட்டுவிட்டேன். நீர் கேட்கவில்லை, எனக்கும் ஞாபகம் வரவில்லை. ஜனவரியில் நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீர் திரும்பி வரவில்லை.

செத்துப்போன சிநேகிதனின் காசு கையில் அகப்பட்டால் ஒரு மனுசனுக்குக் கண் கலங்கவேண்டும். எனக்கு முதலில் வந்தது எரிச்சல். வருடப்பிறப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போதா இது வரவேண்டும்? இந்த வருடமாவது என் முறை என்று இருந்தேன். கலா கண்டுவிட்டால் எல்லாம் பழையபடி உம்முடைய பக்கம் போய்விடும். கட்டிய மனைவிக்குத் தெரியாமல் ஒரு யானையைக் காலுறைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அறுபது வயதில் செய்கிற வேலையைப் பாரும்.

உமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். நாம் கதைத்ததெல்லாம் நோர்வேஜிய மொழியில். அதில் வயதும் மரியாதையும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே சொல். ஆனால் உம்முடைய குரல் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. "நீ" என்று கூப்பிடமுடியாதபடி உமக்கும் எனக்கும் நடுவில் கொஞ்சம் மரியாதை இருந்தது. "நீங்கள்" என்று சொல்ல அவ்வளவு மரியாதை இருக்கவில்லை. ஆகவே நீர். நீர் சொன்னவற்றையும் என் காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்.

உம்மை முதலில் எனக்குக் காட்டித் தந்ததும் இந்தக் காசுதான். மருத்துவமனைத் துணி வரும் எங்கள் சலவைக்கூடத்தில், சட்டைப் பைகளில் அகப்படும் சில்லறையை ஜன்னல் ஓரத்துப் போத்தலில் போடுவோம். போத்தல் நிறைந்தால் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் வாஃபிள். ஒருநாள் போத்தலைக் கவிழ்த்தபோது நோர்வே அரசரின் தலைகளுக்கு நடுவில் ஒரு யானை உருண்டது. "இது எந்த நாட்டுக் காசு?" என்று கேட்டேன். மேசையின் அந்தப் பக்கத்தில் புதிதாக வேலைக்கு வந்த நெட்டையான ஆள் கையை உயர்த்தினார். உம்முடைய மேலங்கியிலிருந்தே விழுந்ததாம்.

"என்ர நாட்டுக் காசு" என்றீர்.

அந்த மூன்று சொல்லும் எனக்குக் குத்தியது. என்ர நாடு என்று சொல்ல எங்களில் எல்லாருக்கும் வாய் வரும். பைக்குள் கையை விட்டு என்ர நாட்டுக் காசு என்று எடுத்துக் காட்ட எவரால் முடியும்?

ஆனாலும் சிநேகிதரானோம். இரண்டு பேரும் அகதியாக வந்தவர்கள், இரண்டு பேருக்கும் உறைப்பு வேண்டும், இரண்டு பேரும் நோர்வேக்காரரின் உருளைக்கிழங்கைக் குறை சொல்பவர்கள். அது போதாதா? அடுத்த சித்திரை வருடப்பிறப்புக்கு உம்மை அம்மருட்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அங்கேதான் நான் கெட்டேன்.

வருடப்பிறப்பன்று கைவிசேஷம் கொடுப்பது எங்கள் வழக்கம். பஞ்சாங்கம் சொல்லும் நல்ல நேரத்தில், வெற்றிலையில் புதுக் காசு வைத்து வீட்டுக்குப் பெரியவர் மற்றவர்களுக்குக் கொடுப்பார். அந்த வருடத்தின் முதல் காசு அது. செலவழிக்காமல் வைத்திருப்பார்கள். யாருடைய கையால் வாங்குகிறோமோ அந்தக் கையின் ராசிதான் வருடம் முழுக்க நடக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கை என்னுடையது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

அன்றைக்குக் காசு எடுக்கும் இயந்திரம் கசங்கிய நோட்டாகத் துப்பியது. கசங்கிய காசில் கைவிசேஷம் கொடுக்கலாமா? புது நோட்டுத் தேடி குரூருட் வரைக்கும் நடந்தேன். அந்த நேரம் பார்த்து, நோர்வேக்காரரையும் விட நேரம் பார்ப்பவரான நீர், சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்து மணியை அடித்திருக்கிறீர். வாசலுக்கு எதிரே ஒரு சின்ன மேசை. அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் துண்டு, ஒரு காசு வைத்த தட்டம். நீர் அதைக் கோயில் உண்டியல் தட்டு என்று நினைத்துவிட்டீர். உங்கள் தேவாலயத்தில் வாசலில் அப்படி ஒன்று இருக்குமாம். பேர்ஸைத் திறந்து, ஒரு பத்து நக்ஃபா நோட்டை எடுத்து, வெற்றிலையின்மேல் வைத்தீர்.

பஞ்சாங்கத்தின் நல்ல நேரத்தை ஒஸ்லோ நேரத்துக்கு மாற்றித் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தாள் கலா. அந்த நேரம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வெற்றிலையில் புது நோட்டு. முன்னால் ஒரு மனுசன். விளக்கிச் சொல்ல அவளிடம் அவ்வளவு நோர்வேஜிய மொழி இல்லை. இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் மூச்சிரைக்கப் படி ஏறி வந்து நிற்கிறேன். "இஞ்சாருங்கோ, முடிஞ்சுது" என்கிறாள்.

"என்ன முடிஞ்சுது?"

"கைவிசேஷம். இந்த அண்ணை தந்திட்டார்."

என் பையில் மொறுமொறுவென்று நூறு குரோனர் நோட்டுகள். நீர் கதிரையில் இருந்துகொண்டு, ஏதோ பிழை செய்துவிட்டேனோ என்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறீர். அவள் அண்ணை என்று கூப்பிட்டதும் அன்றைக்குத்தான் தொடங்கியது. என்னை இஞ்சாருங்கோ என்றவள் உம்மை முதல் நாளே அண்ணை என்றாள்.

சரி, ஒரு தவறு நடந்தது, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வருடம், யாராவது வராத நாளுக்கு மட்டும் கூப்பிடும் விக்கார் வேலையில் வருடக்கணக்காக அலைந்தவளுக்கு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. "பாத்தீங்களே, அண்ணையின்ர கை!" என்றாள். அதற்காக நான் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்கள், தொலைபேசியில் நான் தொங்கிக் கிடந்த நேரமெல்லாம் எங்கே போயிற்று? அடுத்த சித்திரைக்கு நான் விடியற்காலையிலேயே குளித்துத் திருநீறு பூசிப் புது நோட்டோடு தயாராக நிற்கிறேன். அவள் பாயசத்தைக் கிண்டுகிறாள். கிண்டுகிறாள், கிண்டுகிறாள். வாசல் மணி அடித்ததும் அடுப்பை நிற்பாட்டிவிட்டு ஓடினாள்.

பாயசத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் வருடப்பிறப்புப் பெரும்பாலும் உங்கள் பெரிய விரதத்துக்குள் வந்துவிடும். இறைச்சி, முட்டை, பால் எதுவும் உமக்கு ஆகாது. இருபது வருடமாகப் பசுப்பாலில் பாயசம் காய்ச்சியவள் உமக்காகத் தேங்காய்ப்பாலுக்கு மாறினாள். எனக்கோ நீரிழிவு. உம்முடைய கோப்பையில் சீனி போட்ட பாயசம். என்னுடையதில் அவள் கடைக்கண்ணும் அரைக் கரண்டியும்.

சாப்பிட்டபின் என் மகன், அப்போது பள்ளிக்கூடம் போகிறவன், நீர் அன்றைக்குக் கொடுத்த நோட்டைப் புரட்டிப் பார்த்துக் கேட்டான்: "இதில இருக்கிறது ஆர்? ராஜாவோ?"

நீர் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கதை சொல்ல இருந்தீர். உமக்குக் கதை சொல்லவும் வரும், அதுவும் எனக்குப் பிடிக்காது.

உங்கள் நாட்டின் காசுக் கதை முழுக்கத் தலைகளின் கதை என்றீர். முதலில் ஓடியது, உங்கள் மண்ணைக் கண்ணாலும் காணாத ஒரு மகாராணியின் வெள்ளிக் காசு. பிறகு இத்தாலிக்காரர் வந்து தங்கள் மீசைக்கார அரசனின் தலையை வெள்ளியில் அடித்துக் கொடுத்தார்கள். சனம் அதை நம்பாமல் மகாராணியையே கேட்டதாம். இத்தாலிக்காரர் யுத்தத்தில் தோற்றுப்போக இங்கிலாந்து ராணுவம் வந்தது. ஷில்லிங்கில் இங்கிலாந்து அரசன். பிறகு உங்களை எத்தியோப்பியாவோடு சேர்த்துக் கட்டினார்கள். வந்தது அவர்களுடைய பிர், அதில் சக்கரவர்த்தி. சக்கரவர்த்தியை அவர்களே விழுத்திய பிறகும் காசு அவர்களுடையதாகவே இருந்தது. முப்பது வருடம் சண்டை பிடித்துத் தனிநாடு வாங்கியும், இன்னும் சில வருடம் அடுத்த வீட்டுக்காரனின் காசிலேயே சோளம் வாங்கினீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில்தான் உங்களுடைய சொந்தக் காசு வந்தது.

சண்டை முடிந்து வாத்தியாராக இருந்த உம்மை, புதுக் காசைச் சனத்துக்கு விளங்கப்படுத்தும்படி பெட்டிகள் ஏற்றிய லொறிக்குப் பின்னால் அனுப்பினார்கள். தாழ்நிலத்துச் சந்தை ஒன்றில் ஒட்டக வியாபாரி ஒருவர் நோட்டை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு உம்மிடம் கேட்டாராம்: "இதில ஆற்ற தலை?"

"ஒருத்தற்ற தலையும் இல்லை. பாருங்கோ, உங்களைப்போல ஒரு கிழவர். என்னைப்போல ஒரு பெடியன். எங்கட சனம்" என்றீராம்.

கிழவர் நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாராம்: "தலை மாறும் தம்பி. ஒட்டகம் திங்கிறது மாறாது."

கலா விழுந்து விழுந்து சிரித்தாள். மகன், "பேர் ஏன் நக்ஃபா?" என்றான். நக்ஃபா ஒரு ஊர் என்றீர். மலைக்குமேல் இருக்கும் ஊர். குண்டு போட்டுப் போட்டு அந்த ஊரில் பள்ளிவாசல் கோபுரம் ஒன்றைத் தவிர எல்லாம் தரைமட்டம். நீங்கள் நிலத்துக்குக் கீழே கிடங்கு வெட்டி அதற்குள் இருந்தீர்கள். ஆஸ்பத்திரி கிடங்குக்குள், பள்ளிக்கூடம் கிடங்குக்குள். வருடக்கணக்காக விட்டுக்கொடுக்காமல் பிடித்துவைத்திருந்த அந்த ஊரின் பெயரைத்தான் காசுக்கு வைத்தீர்கள்.

அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா கோபம் இல்லை, அப்பட்டமான பொறாமை. நாங்களும் கிடங்கு வெட்டிய சனம்தான். பங்கர் என்போம். எங்கள் வளவிலும் ஒன்று இருந்தது. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு என் அண்ணன் வெட்டியது. குண்டு போடும் பொம்மர் இரைந்தால் அதற்குள் இறங்கிக் குந்தியிருப்போம். இப்போது அதை மூடி அதன்மேல் என் மைத்துனர் வாழை நட்டிருக்கிறார். உங்கள் பங்கரின் பெயரைக் கொண்டுபோய்க் கடையில் நீட்டி அரிசி வாங்கலாம். எங்களுடையதில் ஒரு வாழைக்குலை வரும், அதுவும் மைத்துனருக்கு.

"உங்கட காசில உங்கட எழுத்து இருக்கோ?" என்று நீர் கேட்டீர்.

"இருக்கு. ரூபாய் நோட்டில தமிழும் இருக்கு."

"அப்ப என்ன?"

"எழுத்து இருக்கு. காசு எங்கட இல்லை" என்றேன். சொன்ன வேகத்தில் கலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஆட்களின் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது உம்முடைய கதையைச் சொன்னேன். எங்களுக்கென்று காசு அடித்தால் எந்த ஊரின் பெயரை வைக்கலாம் என்று ஒருவர் கேட்டதுதான் தாமதம். சாவகச்சேரி என்றார் ஒருவர். பருத்தித்துறைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. மன்னாரை ஏன் விட்டீர்கள் என்று மூன்றாமவர் எழும்பினார். தீவுகளிலிருந்து வந்த இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள். இல்லாத காசுக்கு இவ்வளவு சண்டை. உமக்கு இதைச் சொன்னபோது சலவை மேசையில் சாய்ந்து சிரித்தீர். சிரித்து முடிய, "எங்களிட்டயும் இப்ப ரெண்டு பக்கம், அரசோட ஒண்டு, அரசுக்கு எதிரா ஒண்டு. ஒரே கலியாணத்துக்கு ரெண்டு பக்கமும் வராது" என்றீர். அதற்கு நான் சிரிக்கவில்லை.

கலா கூப்பிடும் அண்ணை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நீர் கேட்டது அதற்கும் பிறகு. வேலை முடிந்து சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். மூத்த சகோதரன் என்றேன். அப்போதுதான் நீர் சொன்னீர்.

உமக்கு ஒரு தங்கை. எல்லைக்கு அந்தப் பக்கம், எத்தியோப்பியாவில் கல்யாணம் முடித்துப் போனவள். எல்லை என்று ஒன்று அப்போது யார் கண்ணிலும் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சந்தை, ஒரே காசு. உயிர்த்த ஞாயிறுக்கு அவள் வருவாள். நீர் ஒரு நோட்டுக் கொடுப்பீர். போய் அவளுடைய ஊர்க் கடையில் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்குவாள். புதுக் காசு வந்தபிறகு வந்த முதல் பெருநாளில், பாலத்துக்குமேல் ரயில் ஓடும் படம் போட்ட புதுப் பத்து நக்ஃபாவைப் பெருமையோடு அவளுக்கு நீட்டினீர். அவள் சிரித்தாள்.

"அங்கை இதை ஒருத்தரும் வாங்காயினம் அண்ணை. எங்கட ஆக்கள் டொலர் கேக்கினம். வச்சிரு, அடுத்தமுறை வாறன்."

அடுத்த மாதமே எல்லையில் சண்டை மூண்டது. அவள் வரவில்லை. பிறகு நோர்வேயிலிருந்து தொலைபேசியில் கதைத்தீர்கள். முகத்துக்கு முகம் கண்டதில்லை.

"அந்த நோட்டைப் பேர்ஸுக்குள்ளயே வச்சிருந்தனான்" என்றீர். "உம்மட வீட்டு வாசலில தட்டைக் கண்டனான். ஆருக்கும் ஆகாத காசு, கடவுளுக்காவது ஆகட்டும் எண்டு வச்சன். உம்மட மனுசி ரெண்டு கையாலயும் வாங்கினா."

மகளோடு நீர் இருந்த ட்வெய்ட்டாவுக்குப் போக ரயில் மாறும் இடம் வந்தது, இறங்கிப் போய்விட்டீர். வீட்டுக்கு வந்து கலாவுக்குச் சொன்னேன். அவள் எழும்பிப் போய், அலுமாரிக்குள் மற்றச் சில்லறைகளோடு கிடந்த அந்த நோட்டை எடுத்து, சாமிப்படத்துக்குக் கீழே வைத்தாள்.

இதைக் கேட்டபிறகாவது ஒரு நல்ல மனுசனுக்குப் பொறாமை அடங்கியிருக்கும். எனக்குக் கூடியது. முன்பு என்றால் வாய் திறந்து முறைப்பாடாவது செய்யலாம். இனி அதற்கும் வழி இல்லை. நீர் ஒவ்வொரு சித்திரைக்கும் ஒரு நக்ஃபா நோட்டோடு வருவீர், அவள் வாங்குவாள், நான் இரண்டாவதாக என் குரோனரைக் கொடுப்பேன். அதையும் வாங்குவாள். ஒரு கையால்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் உங்கள் அரசு பழைய நோட்டுகளைச் செல்லாது என்றது. சில கிழமைகளுக்குள் எல்லாரும் வங்கியில் கொடுத்துப் புது நோட்டு வாங்கவேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் என்ன செய்வது? பிஸ்கட் பேணிக்குள் நீர் சேர்த்துவைத்திருந்த நோட்டெல்லாம் வெறும் கடதாசி. சலவைக்கூடத்தில் இதைச் சொன்னபோது உமது முகம் செத்துக் கிடந்தது. நான் என் முகத்தைத் துணிக் குவியலுக்குள் குனிந்து மறைத்துக்கொண்டேன். அந்தச் சித்திரையோடு உம்முடைய கைவிசேஷம் ஓய்ந்தது என்று எனக்குள் ஒரு கணக்கு.

நீர் வந்தீர். வாசலில் நின்றபடியே, கையை நீட்டாமல், "கலா, இது இப்ப எங்கட ஊரிலயும் செல்லாது" என்றீர்.

அவள், "கைவிசேஷக் காசை ஆராவது கடைக்குக் கொண்டு போவினமோ அண்ணை? தாங்கோ" என்று கையை நீட்டினாள். போதாததற்கு, "ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று ஒரு பழமொழியும். உமக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய வேலை என் தலையில். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். செல்லாத உம்முடைய பத்து, செல்லும் என்னுடைய நூறை அன்றைக்கும் வென்றது. அன்றிலிருந்து இந்த உலகத்தில் பழைய நக்ஃபா செல்லுபடியான ஒரே இடம் அம்மருட்டில் நாலாம் மாடியில் எங்கள் வீடு.

உமக்கும் என்மேல் பொறாமை இருந்தது. போன கோடையில் நான் யாழ்ப்பாணம் போய் வந்து உமக்கு ஒரு பை கருத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்து தந்தேன். நீர் ஒன்றை மணந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்தீர்.

"நீர் நினைச்ச உடன போய் வாறீர். உம்மட வீட்டுக் கதவை நீரே திறக்கிறீர். அரசுக்குத் தப்பி ஓடி வந்தவன், எனக்கு அங்கை காலடி வைக்கேலாது. இந்தக் காசை வச்சு நான் என்ன செய்ய, வண்டில் தள்ளுறதோ?" என்றீர். கோபமாகத்தான் சொன்னீர். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று எங்கள் பழமொழி ஒன்றைச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், உமக்கும் என்மேல் எரிகிறது என்று அறிந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அன்று பின்னேரம் முழுக்க நாம் மாம்பழம் தின்றோம்.

இந்த வருடம் வருடப்பிறப்புக்கு நான் எங்கும் வெளியே போகவில்லை. புது நோட்டுக்கு ஒரு கிழமை முன்னரே அலைந்து வாங்கிவிட்டேன். ஒஸ்லோவில் இப்போது யார் கையில் காசு இருக்கிறது? பேர்கனிலிருந்து மகன் தொலைபேசியில், "எனக்கு ஃபோனில அனுப்பிவிடுங்கோ அப்பா, அதுவும் கைவிசேஷம்தானே" என்கிறான். நான் திட்டிவிட்டு வைத்தேன்.

விடியக் குளித்தேன். சட்டைப் பையில் இருநூறு குரோனர் நோட்டு, மடிப்புக் குலையாதது. காலுறை எடுக்க லாச்சியைத் திறந்தபோது யானை தட்டுப்பட்டது. அதை அங்கேயே விட்டால் கலா துணி அடுக்கும்போது கண்டுவிடுவாள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லி, எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன். கொடுப்பதற்கு இல்லை. இந்த முறை என் கைதான் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. வாசல் மணி அடிக்கப்போவதில்லை. என்னை முந்த இனி ஆள் இல்லை.

குசினிக்குள் போனேன். கலா பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பால் வாசம்.

"ஏன் தேங்காய்ப்பால்?" என்று கேட்டேன். "இப்ப ஆர் விரதம்?"

அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு சட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் மூன்று கோப்பை எடுத்து வைத்திருந்தாள், அதையும் பார்த்தாள்.

"பழக்கத்தில செய்திட்டன்" என்றாள். அடுப்பை அணைக்க மறந்து நின்றாள்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த நேரம் வந்துவிட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டத்தை எடுத்துவந்து என் முன்னால் நின்றாள். "நீங்கள் தாங்கோ" என்றாள். இத்தனை வருடமாக நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. அவள் நீட்டியது ஒரு கையை.

நான் சட்டைப் பையைத் தொடவில்லை. பொத்தியிருந்த கையைத் திறந்து வெற்றிலையின்மேல் உம்முடைய யானையை வைத்தேன்.

கலா தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணில் ஒற்றினாள். ஒற்றிய கை அப்படியே நின்றது.

"சூடாக் கிடக்கு" என்றாள். "அண்ணை இப்பதான் தந்திட்டுப் போன மாதிரி."

இருநூறு குரோனர் இன்னும் என் பையில்தான். உம்முடைய கோப்பைப் பாயசத்தை நான் குடித்தேன், சீனி போட்டதை, அவள் தடுக்கவில்லை. காசு இப்போது சாமிப்படத்துக்குக் கீழே, ரயில் நோட்டுக்குமேல். நேற்று உமது மகளைப் பார்க்க ட்வெய்ட்டா போன இடத்தில், அந்தக் கடையில் வண்டிலுக்குப் போடக் காசு இல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இந்த வருடமும் நீர்தான் முந்திவிட்டீர், சரி. கலாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் உமக்குச் சொல்லிவைக்கிறேன், கேட்டுக்கொள்ளும்: அன்று விடிந்ததிலிருந்து அந்தக் காசைப் பொத்தி வைத்திருந்தது நான். அந்தச் சூடு என்னுடைய கையின் சூடு.